தேய்மானம் இல்லை

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னை வீரன் சூரன் என்று நினைத்து ஏமாறக் கூடாது. யாராவது கதவைப் பலமாகச் சாத்தினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மேலதிகாரி கூப்பிட்டால், பாராட்டுவதற்காகவே கூப்பிட்டாலும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட ஆளைத்தான் ரோப் கார் கழகம் ஃபிட்டராக எடுத்து, இருபத்திரண்டு பெட்டிகளின் கதவுகளை என் பொறுப்பில் விட்டது.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு கதவுக்கு ஒரு கொண்டி, இரண்டு கீல், மொத்தம் எட்டு ஸ்க்ரூ. கம்பியில் பெட்டி ஓடுகிற அதிர்வில் அந்த எட்டும் மெல்ல மெல்லத் தளரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை முறுக்கிவிட வேண்டும். முறுக்காவிட்டால் கதவு ஆடும். கதவுக்கு வெளியே நானூறு அடி வெறும் காற்று, அதற்குக் கீழே பாறை. என் மனைவி மலை உச்சியில் இருக்கும் சானடோரியத்தில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். தினமும் காலை எட்டரைக்கு எந்தப் பெட்டி முன்னால் வந்து நிற்கிறதோ அதில் ஏறிப் போவாள். ஆகவே இருபத்திரண்டு கதவும் எனக்கு என் வீட்டுக் கதவுதான்.

சேர்ந்த அன்று எனக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் கொடுத்தார்கள். கழகத்தின் பாஷையில் அது 'திருப்புளி, தட்டை முனை, உயர்தரம்'. உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டிய பெட்டியில் படுத்திருந்தது. மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். முனையை நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து என் ஃபைலில் ஒட்டினார்கள். என் போட்டோ ஒன்றுதான் கேட்டார்கள், அதற்கு இரண்டு. பிடி பளபளவென்று மஞ்சளாக, கண்ணாடி மாதிரி இருந்தது. பார்க்க அழகு. மூன்றாவது நாள் மூன்றாவது பெட்டியில் ஐந்தாவது ஸ்க்ரூவைக் கொஞ்சம் அழுத்தித் திருகினேன். முனை ஈர அட்டை மாதிரி முறுக்கிக்கொண்டு, ஒரு ஓரம் பிய்ந்து என் செருப்பின் மேல் விழுந்தது.

வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்காரர் பிய்ந்த துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எழுந்து ஜன்னல் ஷட்டரைப் பாதி இறக்கினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்லண்ணே. உங்ககிட்டதான் முதல்ல."

"இத வச்சு ஸ்க்ரூ முறுக்கினியா?"

"ஆமாண்ணே. வேற எதுக்கு?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். வருஷா வருஷம் கைக்கருவித் தேர்வுக் குழு வந்து ஒவ்வொரு கருவியின் முனையையும் பூதக்கண்ணாடியில் பார்க்கும். தேய்ந்திருந்தால் 'கருவியைக் கொடுமைப்படுத்தியமை' என்று குறிப்பாணை வரும். இரண்டு குறிப்பாணை வந்தால் ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் கழகத்தில் யாரும் கழகத்தின் கருவியைத் தொடுவதில்லை. வெல்வெட் பெட்டியோடு கொண்டுபோய் வீட்டில் பீரோவில் பூட்டி வைத்துவிடுவார்கள். வேலைக்கு ஆளாளுக்கு ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவர் கடையில் வாங்கி, சட்டைக்குள்ளேயோ சாப்பாட்டுத் தூக்கிலேயோ ஒளித்துக் கொண்டுவருவார்கள். சொந்தக் கருவி வைத்திருந்தால் அதற்குத் தண்டனை உடனடி வேலைநீக்கம். ஆனால் பதினொரு வருஷமாக யாரும் சிக்கவில்லை. பதினொரு வருஷமாக நானூற்றுப் பன்னிரண்டு கருவிகளில் ஒன்றும் தேயவும் இல்லை. தேயாததால் குழு ஆண்டுதோறும் அதே கருவியை வாங்கிக்கொண்டிருக்கிறது.

"பதினோரு வருஷத்துல ஒடச்ச மொத ஆளு நீதான் தம்பி" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

புதியவன் என்பதால் எனக்கு யாரும் சொல்லவில்லையாம். ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்களாம். அன்று மத்தியானம் நான் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கை கழுவப் போனார்கள். ஒருத்தரும் திரும்பி வரவில்லை. உடைந்ததைக் கணக்கில் எழுதாமல் ஸ்டோர்காரராலும் இருக்க முடியவில்லை. இரண்டு நாளில் விசாரணைக்கு அழைப்பு வந்தது.

விசாரணை அறை ஏசியில் விறைத்துக் கிடந்தது. பச்சைத் துணி விரித்த நீள மேஜை. அதன் நடுவில் கண்ணாடிப் பேழைக்குள், சின்ன மெத்தை மேல், என் உடைந்த ஸ்க்ரூடிரைவர். அதன் பக்கத்தில் பிய்ந்த துண்டு, அதற்குத் தனி மெத்தை. மேஜைக்குப் பின்னால் குழுவின் தலைவரும் கருவி நிபுணரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பருமனான, சாந்தமான மனிதர். நிபுணர் ஒல்லி, கழுத்தில் பூதக்கண்ணாடியை மாட்டியிருந்தார். முதலில் ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள். எதற்கு என்று தெரியாமல் நானும் நின்றேன். கருவிக்காகத்தான் என்று பிறகு புரிந்தது.

தலைவர் என்னைக் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. எவ்வளவு கவனமாக இந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பொறுமையாக விளக்கினார்.

"நாப்பது திருப்புளிய வரவழைச்சோம். ஒவ்வொண்ணையும் உறுப்பினர்கள் அரை மணி நேரம் கையில வச்சிருந்தோம். எது கனக்கலையோ, எது கை வலிக்கலையோ, அத எடுத்தோம். நிறம் மஞ்சள்னு ஏகமனதா முடிவாச்சு. பெட்டியில படுக்க வச்சா உருளக் கூடாது, அதையும் பார்த்தோம். இதுக்கு மேல ஒரு கருவிய என்ன பாக்குறது, சொல்லு?"

என் வாயிலிருந்து என்னையும் அறியாமல் ஒரு கேள்வி வந்துவிட்டது. அதை வைத்து ஒரு ஸ்க்ரூவையாவது திருகிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். நிபுணர்தான் பதில் சொன்னார்.

"திருகிப் பார்த்தா அது பழைய கருவி ஆயிடும். கழகம் பழைய கருவி வாங்க விதி இடம் குடுக்காது."

"என்னையே எடுத்துக்க" என்றார் தலைவர். "நான் இந்த வயசு வரைக்கும் ஒரு திருகாணியக்கூடத் திருகினதில்ல. அதனாலதான் என்னால நடுநிலைமையா இருக்க முடியுது."

பயந்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தப்பு. பயம் அதிகமானால் எனக்குப் பேச்சு கொட்டும். நல்ல ஸ்க்ரூடிரைவரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவர்களுக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். முனை கொஞ்சம் கறுத்திருக்கும், பளபளப்பு எல்லாம் பிடிக்குக் கீழேயே நின்றுவிடும். ஸ்க்ரூவின் வெட்டில் வைத்தால் ஆடாமல் அசையாமல் முழுசாக உட்காரும். பிடியை ஒட்டித் தண்டு ஆறு பட்டையாக இருந்தால் ஸ்பேனர் போட்டும் திருகலாம். எல்லாவற்றுக்கும் மேலே, முனையின் ஓரத்தில் ஒரு அரத்தை லேசாக வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். பதம் ஏற்றிய எஃகு என்றால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். மட்டமான இரும்பு என்றால் அரம் கடிக்கும்.

நிபுணர் கையிலிருந்து பேனா விழுந்தது. "கருவி மேல அரம் வச்சியா?" என்றார். இல்லை, வைத்துப் பார்த்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது என்று சொன்னேன். 'அரம் வைக்கும் எண்ணம் உடையவர்' என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு என் கையைப் பரிசோதித்தார்கள். அளவு காட்டும் முள் உள்ள ஒரு இரும்புப் பிடியைக் கொடுத்துத் திருகச் சொன்னார்கள். என் கை ஏற்கெனவே வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்ந்தது. நிபுணர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, அது எட்டிய உச்சத்தைக் குறித்துக்கொண்டார். என் கையின் முறுக்கு அனுமதித்த அளவைப்போல் மூன்று மடங்கு என்றும், கை தானாகவே அசைகிறபடியால் அது வன்முறை இயல்புள்ளது என்றும் அறிக்கை ஆயிற்று. என் அம்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடி மூடியைத் திறப்பது என் மனைவி.

தீர்ப்பு ஒரு வாரத்தில் சுற்றறிக்கையாக வந்தது. நானூற்றுப் பதினொரு கருவிகள் தேயாமல் இருக்கின்றன, ஒன்று மட்டும் உடைந்திருக்கிறது. எனவே கருவியில் குறை இல்லை. குறை கையில் இருக்கலாம், அல்லது ஸ்க்ரூவில் இருக்கலாம். கையை மாற்ற முடியாது. ஆகவே இனிமேல் எல்லாத் திருகாணிகளும் கருவிக்கு நோகாத அளவுக்கு மட்டுமே இறுக்கப்பட வேண்டும், அதைவிட இறுக்கமாக உள்ளவை தளர்த்தப்பட வேண்டும். தளர்த்தும் பொறுப்பு எனக்கு, தண்டனையாக. எனக்கு ஒரு புதுத் திருப்புளியும் கிடைத்தது.

அதை வைத்து என்னால் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தளர்த்த முடியவில்லை. எல்லாம் எனக்கு முன்னால் இருந்தவர் ஒளித்துக் கொண்டுவந்த கருவியால் நன்றாக முறுக்கியவை. முனை வளைந்துவிடுமோ என்று வியர்த்துப்போய் நிபுணரிடம் சொன்னேன். அவர் யோசித்து இரண்டு முடிவுக்கு வந்தார். ஒன்று, நான் எதுவும் செய்ய வேண்டாம், அதிர்விலேயே தானாகத் தளரும், இயற்கை ஒத்துழைக்கும். இரண்டு, கழகக் கருவியால் இவ்வளவு இறுக்க முடியாது என்றால் வேறு ஏதோ கருவி வந்து போகிறது.

மறுநாள் வாயிலில் இரும்பைக் கண்டால் கத்துகிற மெஷின் வந்து நின்றது. அன்று காலை மதில் ஓரமாகப் பதினேழு பேர் எங்கோ பார்த்துக்கொண்டே நின்று, எதையோ புதருக்குள் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து கழகத்தில் ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவர் இல்லை.

மெஷின் வந்த பத்தாம் நாள் கொண்டிகள் ஆட ஆரம்பித்தன. கதவைச் சாத்தினால் 'டக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'கடகட' என்று கேட்டது. நான் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் ஏதேதோ சுற்றி வளைத்துச் சொன்னேன். மலைப்படிகளில் நடப்பது உடம்புக்கு எவ்வளவு நல்லது என்றேன். ஆயிரத்து முந்நூற்று நாற்பது படி. அவளுக்கு நாள் முழுக்க நின்று நின்று முழங்கால் வீங்கியிருக்கும். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, மடிப்பதை நிறுத்தினாள்.

"முறுக்கினீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"முறுக்கல."

"எத்தன பெட்டி?"

"எல்லாமே."

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. நான் வேலையை விட்டால் கழகம் கொடுத்த வீடு போய்விடும். அவள் மூன்று நாள் தாமதமாகப் போனால் சானடோரியத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இரண்டும் இரண்டு பேருக்கும் தெரியும். மறுநாளிலிருந்து ஒரு கிழிந்த படுக்கை விரிப்பை நீளமாகக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பெட்டியில் ஏறியதும் கதவுக் கைப்பிடியை அந்தத் துணியால் இருக்கைக் காலோடு சேர்த்து நாலு முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவாள். நான் கீழே நின்று அந்தப் பெட்டி புள்ளியாகி மறையும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பதினோரு நிமிஷமும் நான் மூச்சுவிட்ட ஞாபகம் இல்லை.

இந்த நிலைமையில்தான் குழுவின் விழா வந்தது. பதினொரு வருஷம் தேயாத திருப்புளிக்கு 'நீடித்துழைப்புச் சான்று' வழங்குவதாக இருந்தார்கள். இடம் மலை உச்சி விருந்தினர் மாளிகை. காலை ஏழரைக்கே தலைவரும் நிபுணரும் இன்னும் நாலைந்து பேரும் வந்து இறங்கினார்கள். பெட்டிகள் கொட்டகையில் வரிசையாக நின்றன. தலைவர் மற்றவர்களைக் காபிக்கு அனுப்பிவிட்டு, தோல் பையோடு என்னிடம் வந்தார். நான் மறுபடி விசாரணையோ என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் தோளில் கை போட்டு, கடைசிப் பெட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"இதுல எந்தப் பெட்டி நெஜமாவே முறுக்கினது?"

"எதுவும் இல்ல சார். சுற்றறிக்கைப்படி எல்லாமே தளர்ந்திருக்கு."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

அவர் ஒரு கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது கடகடத்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அக்கம் பக்கம் பார்த்து, தோல் பையைத் திறந்து, ஃபைல்களுக்கு அடியிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து என் கையில் வைத்தார். குழுவின் பையை மெஷினில் விடுவதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உள்ளே ஒரு ஸ்க்ரூடிரைவர். கறுத்த முனை, கனத்த மரப்பிடி, பிடியை ஒட்டி ஆறு பட்டைத் தண்டு. அப்படி ஒன்றை நான் கையில் பிடித்ததே இல்லை. உள்ளங்கை தானாகவே மூடிக்கொண்டது.

"நம்ம கழகத்துதா சார்?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான்.

"வீட்டுக்கு வாங்கினது. பேத்திக்கு ஊஞ்சல் மாட்டணும்னு."

"அப்ப மஞ்சப் பிடி?"

"வீட்டுல சின்னக் கொழந்த இருக்குய்யா" என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்பது போல. "கடையில அரம் வச்சு இழுத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். வழுக்கிட்டுப் போச்சு. நாங்க போற பெட்டி ஒண்ணு மட்டும் முறுக்கு. முறுக்கிட்டுக் குடுத்துடு."

முதல் பெட்டியை முறுக்கினேன். எட்டு ஸ்க்ரூ. வெட்டில் வைத்ததும் ஒட்டிக்கொண்டது மாதிரி உட்கார்ந்தது. என் கை நடுங்கிய நடுக்கமெல்லாம் அந்தப் பிடிக்குள் போய் அடங்கியது. கதவைச் சாத்தினேன். 'டக்.' பத்து நாளாக நான் கேட்காத சத்தம். அதற்குள் காபி முடித்து எல்லாரும் வந்துவிட்டார்கள். தலைவர் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கையை நீட்டினார்.

நான் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் மணி எட்டு. இன்னும் அரை மணியில் அவள் கிழிந்த துணியோடு வருவாள். எந்தப் பெட்டியில் ஏறுவாள் என்று எனக்குத் தெரியாது. நான் தலைவரின் கையைப் பார்க்காதது போல இரண்டாவது பெட்டிக்குப் போனேன். அவர் இருமினார். நான் மூன்றாவதுக்குப் போனேன். அவர் வாயைத் திறந்து "என் ஸ்க்ரூடிரைவரைக் கொடு" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னால் அது அவருடைய சொந்தக் கருவி என்று ஆகிவிடும். அவர் சொல்லவில்லை. நான் நிறுத்தவில்லை. முதுகு முழுக்க வியர்த்து வழிந்தது, பயத்தில் நாலைந்து தடவை ஸ்க்ரூ தலை கண்ணுக்கே தெரியவில்லை. ஆனாலும் கை ஓடிக்கொண்டே இருந்தது.

நிபுணர் தூரத்தில் நின்று என்னைக் காட்டி, பாருங்கள் நம் திருப்புளி எப்படி உழைக்கிறது என்று மற்றவர்களிடம் சொன்னார். தலைவர் தலையாட்டினார். வேறு வழியில்லாமல் முதல் பெட்டியில் ஏறிப் போனார்கள். எட்டரைக்கு முன்னால் பதினாறு பெட்டி முடித்திருந்தேன். அவள் பன்னிரண்டாவதில் ஏறினாள். துணியை எடுத்தவள், கதவை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, துணியை மறுபடி பைக்குள் வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பத்து மணிக்குள் இருபத்திரண்டும் முடிந்தது. நூற்று எழுபத்தாறு ஸ்க்ரூ. அதன்பிறகுதான் எனக்கு வாயிலில் நிற்கும் மெஷின் ஞாபகம் வந்தது. சாயங்காலம் தலைவரிடம் ரகசியமாகக் கொடுத்துவிடலாம் என்று இடுப்பில் செருகிக்கொண்டு காத்திருந்தேன். குழு இறங்கி வந்தது. தலைவரைச் சுற்றி ஆள், மாலை, போட்டோ. அவர்கள் பின்னாலேயே ஓடிக் கூட்டத்தோடு கூட்டமாக வாயிலில் மாட்டிக்கொண்டேன். மெஷின் கத்தியது.

காவலர் எடுத்து நீட்டியதை நிபுணர் வாங்கிப் பார்த்தார். யாருடையது என்றார். என் கண் தலைவரைத் தேடியது. பயத்தில் உண்மை வெளியே விழுந்துவிட்டது.

"சாரோடது."

தலைவர் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்லையே" என்றார்.

வேலைநீக்க உத்தரவில் மூன்று குற்றம் இருந்தது. சொந்தக் கருவி வைத்திருந்தது, தலைவர் மேல் அவதூறு சொன்னது, அன்று வேலையே செய்யாதது. மூன்றாவதற்கு ஆதாரமும் காட்டியிருந்தார்கள். நூற்று எழுபத்தாறு ஸ்க்ரூ முறுக்கியதாக நான் சொன்ன கருவியைப் பூதக்கண்ணாடியில் பார்த்ததில் முனையில் தேய்மானமே இல்லை. எனவே அது பயன்படுத்தப்படவில்லை. கழகத்தின் திருப்புளிகளிலும் தேய்மானம் இல்லையே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கைப்பற்றிய கருவி சான்றுப்பொருள் என்பதால் தலைவரின் நேரடிப் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டது. பேத்தியின் ஊஞ்சலுக்கு ஒன்றும் குறை வராது.

வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். நான் முறுக்கிய ஸ்க்ரூவுக்கு அவ்வளவு தவணை கிடையாது. ஒன்பதாவது நாளிலிருந்து என் மனைவி காலை ஆறு மணிக்கே கிளம்பி, முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு படியேறிப் போக ஆரம்பித்தாள். நான் படியடியில், ரோப் கார் வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வேலை போன பிறகு பயம் போய்விடும் என்று சொல்வார்கள். எனக்குப் போகவில்லை. ஆனாலும் ஒவ்வொருவரிடமும் கொண்டி ஆடுகிறது, நடந்தே போய்விடுங்கள் என்று சொன்னேன். வேலை போன வயிற்றெரிச்சல் என்று ஒருவர் சொன்னார். ஒரு அம்மா எனக்காகப் பரிதாபப்பட்டார். ஒருத்தர்கூட வரிசையை விட்டு வரவில்லை.

பதினாறாம் நாள் குழு மறுபடி வந்தது. மலை மேல் ஏதோ கூட்டம். காரிலிருந்து இறங்கிய தலைவர் ரோப் கார் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு பேண்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு படியேற ஆரம்பித்தார். நிபுணர் அவர் பின்னால், மற்றவர்கள் நிபுணர் பின்னால். அவ்வளவு பருமனான மனிதர் நாற்பதாவது படியிலேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனாலும் திரும்பவில்லை, மறுபடி ஏறினார். வரிசையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"அவங்க யாருன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். "இந்த ரோப் காருக்குக் கருவி வாங்கிக் குடுக்குறவங்க."

முதலில் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி வரிசையை விட்டு விலகினாள். அவள் பின்னால் அவள் புருஷன். பிறகு எனக்காகப் பரிதாபப்பட்ட அந்த அம்மா. பத்து நிமிஷத்தில் வரிசை இருந்த இடத்தில் கம்பித் தடுப்பு மட்டும் இருந்தது. அன்று இருபத்திரண்டு பெட்டியும் காலியாகவே மலையேறின. வழியிலேயே நாலைந்து கதவுகள் தானாகத் திறந்து, காற்றில் அடித்துக்கொண்டே போனதைப் படியில் இருந்த எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

கழகம் அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் போட்டு முடிவெடுத்தது. கதவைப் பற்றி அல்ல. பொதுமக்கள் படியில் ஏறுவது ரோப் காரின் நற்பெயருக்குக் களங்கம் என்பதால், படிப்பாதை மூடப்படுகிறது. குழு உறுப்பினர்கள் மட்டும் அனுமதிச் சீட்டோடு ஏறலாம். மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் போனபோது படிக்கட்டின் கீழே புதுசாக இரும்புக் கதவு, புதுசாகத் தாழ்ப்பாள், அதில் என் இரண்டு கை அகலத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டு. பின்னால் சானடோரியம் ஆட்கள் முப்பது பேர் நின்றார்கள். ரோப் கார் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கொட்டகையிலிருந்து வந்து, கதவு ஆட ஆட எங்களுக்காகக் காத்திருந்தன.

பூட்டின் மேல் கை வைத்தால் அதற்கு என்ன தண்டனையோ, வா, திரும்பிப் போய்விடலாம், வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவியின் கையைப் பிடித்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டுத் தாழ்ப்பாளைக் குனிந்து பார்த்தாள்.

"இத யாரு மாட்டினது?"

"கழகத்து ஆளுங்கதான்."

"எத வச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் ஒரு விரலால் கதவைத் தள்ளினாள். பூட்டு பூட்டியபடியே, தாழ்ப்பாளோடு சேர்ந்து, சத்தமாகக் கீழே விழுந்தது. அவள் அதைத் தாண்டி முதல் படியில் கால் வைத்தாள். முப்பது பேரும் என்னைக் கடந்து பின்னாலேயே போனார்கள். நான் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கீழே சிதறிக் கிடந்த நாலு ஸ்க்ரூவையும் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை.